புருவம் தூக்கினாளா?

அக்டோபர் 6
கரையோரம் கடல் உறைய ஆரம்பித்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் இன்று செல்போனை வைத்துக் குழந்தைகளின் காதைச் சோதித்தார்களாம். டீச்சர் போன் பண்ணினாள். என் மகள் நவ்யாக்குக்கு இரண்டு காதும் தேறவில்லை.

அக்டோபர் 7
என் புருஷன் எல்மர் சிரிக்கிறான். "அலாஸ்காவுக்கே புதுசா வந்தவ அந்த டீச்சர். சத்தம் கேட்டா கையைத் தூக்குன்னிருப்பா. உன் பொண்ணு புருவத்தைத் தூக்கியிருப்பா. அந்தம்மா போனையே பார்த்துக்கிட்டிருந்திருப்பா."

இருக்கும். இங்கே யார் வாயைத் திறந்து ஆமாம் சொல்கிறார்கள்? புருவம் தூக்கினால் ஆமாம், மூக்கைச் சுருக்கினால் இல்லை. ஃபேர்பேங்க்ஸ் கல்லூரியில் நானே பேராசிரியரிடம் புருவத்தைத் தூக்கித் திட்டு வாங்கினவள்தானே.

"சத்தம் கேட்டப்ப புருவத்தைத் தூக்கினியாடீ?"

தூக்கினாள். அப்பாடா.

அக்டோபர் 8
நான் எதைக் கேட்டாலும் தூக்குவாளோ?

அக்டோபர் 10
செய்திருக்கக் கூடாது. வலது கன்னத்தைத் தலையணையில் அழுத்திப் படுத்துக்கொண்டு பொம்மைக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று, "பெர்ரிப்பழம் வேணுமா?" என்றேன். திரும்பவில்லை. மறுபடி கேட்டேன். இல்லை. முன்னால் போய் உதட்டை மட்டும் அசைத்தேன் — சட்டென்று புருவம் ஏறியது.

ஐயோ, நான் சத்தமே போடலையே! இத்தனை நாளா என் மூஞ்சியைப் பார்த்துத்தான் பதில் சொன்னாளா? தெருவில் பின்னால் பனிவண்டி வந்தால்?

எல்மரிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 11
சொல்லிவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

அக்டோபர் 14
எல்மரின் தங்கை டோலிக்கு இங்கே கிளினிக்கில் வேலை. பள்ளிக்கூடத்துப் போனை வாங்கி வந்து அவளே சோதித்தாள். "அண்ணி, நீங்க சுவரைப் பார்த்து நில்லுங்க. உங்க மூஞ்சியைப் பார்த்தே பாஸாயிடுவா."

நின்றேன்.

"வலது... தூக்குறா. மறுபடி தூக்குறா. அண்ணி, மூச்சு விடுங்க! இது நல்லாவே கேக்குது."

"இடது," என்றாள். அப்புறம் போனைத் தட்டும் சத்தம்தான்.

"கொஞ்சம் சத்தமா வையேன்," என்றான் எல்மர்.

"வச்சுட்டேண்ணா."

அக்டோபர் 17
காதுக்குள் எடுத்த படத்தை நகரத்து டாக்டருக்கு அனுப்பினாள் டோலி. செவிப்பறையில் ஓட்டையாம். அடைத்துப் பார்க்கலாம் என்கிறார். கேட்கும் என்று சொல்லவில்லை. நான்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

அக்டோபர் 19
காற்று. நகரத்துக்கு விமானம் இல்லை.

அக்டோபர் 21
காற்று அடங்கிவிட்டது. காலையில் விமானம். பை கட்டியாயிற்று, பொம்மையும் உள்ளே.

படுக்கையில் இடம் மாறிவிட்டேன். இப்போது அவளுக்கு வலப்பக்கம். விளக்கை அணைத்துவிட்டு, "பயமா இருக்கா?" என்றேன். இருட்டில் முகம் தெரியவில்லை — எனக்கும், அவளுக்கும். நெற்றியில் விரலை வைத்தேன்.

விரலுக்கடியில் புருவம் ஏறியது.