வெளிக்குழாயில் ஒரு துணி

ஜனவரி 6

அன்புள்ள எஞ்சினியர் துரைக்கு,

போனில் நீ கத்துகிறாய் என்றுதான் எடுப்பதில்லை. எழுத்தில் கத்தினால் காது வலிக்காது. நானும் அப்பாவும் நலம். நீ பொருத்திய எரிபொருள் மின்கலப் பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே கேஸில் கரண்ட், சுடுதண்ணீர், அறைக்குச் சூடு எல்லாம் வருகிறது. "பயல் கெட்டிக்காரன், வாய்தான் ஆகாது" என்கிறார் அப்பா. பாவம், இப்போது பகலிலும் தூங்குகிறார். எனக்கும் இரண்டு நாளாய்த் தலைவலி.

'எது நடந்தாலும் பெட்டியில் கை வைக்காதே' என்று எழுதி ஒட்டிவிட்டுப் போனாயே, வைக்கவில்லை. பெட்டியின் வெளிக்குழாயிலிருந்து வரும் ஆவி தன் சுவரை நனைப்பதாகப் பக்கத்து வீட்டம்மா முணுமுணுத்தாள். முந்தாநாள் குழாயில் துணியை அடைத்துவிட்டேன். சுவரிலிருந்த வெள்ளை டப்பா கீச்கீச்சென்று கத்தி அப்பாவை எழுப்பியது. அதன் பேட்டரியைக் கழற்றிவிட்டேன். அது பெட்டியோடு சேர்ந்ததில்லையே?

உன் அக்கா

ஜனவரி 9, காலை

அக்கா,

படிக்காதே. அப்பாவை எழுப்பு. எழுந்திருக்காவிட்டால் இழுத்துக்கொண்டு வெளியே வா. பிறகு படி.

வந்துவிட்டாயா? உன் கடிதம் இப்போதுதான் கிடைத்தது. பதினோரு முறை அழைத்தேன், நீ எடுக்கவில்லை. தீயணைப்புக்காரர்களுக்குச் சொல்லிவிட்டேன். இதைக் கொண்டுவருபவர் எங்கள் கம்பெனியின் உங்கள் ஊர்க் கிளை ஃபிட்டர். வெறுமனே வந்து சொன்னால் "தம்பி வரட்டும், பாத்துக்கலாம்"னு திருப்பி அனுப்பிவிடுவாய். அதனால்தான் என் கையால் எழுதி, படமெடுத்து அவர் போனுக்கு அனுப்புகிறேன். அவர் கேஸை மூடுவார். தடுக்காதே.

அது சாதாரணத் தலைவலி இல்லை. அந்தக் குழாய் வழியே வெளியேற வேண்டிய கார்பன் மோனாக்சைடு வாயு வீட்டுக்குள் சேர்கிறது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. தூங்கவைத்தே கொன்றுவிடும். வெள்ளை டப்பா அதற்குத்தான் கத்தியது.

குழாய் அடைபட்டால் பெட்டி தானாக நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அதை நிறுத்தும் சென்சாரைச் சோதிக்காமலே 'சரி' என்று கையெழுத்துப் போட்டவன் நான். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினேன். டப்பா எதற்கென்றும் உனக்குச் சொல்லவில்லை.

ஸ்டேஷனுக்குக் கிளம்புகிறேன். அப்பா பேசுகிறாரா?

தம்பி

ஜனவரி 9, மாலை

தம்பிக்கு,

போனில் பேசினால் அழுதுவிடுவேன். ஃபிட்டர்தான் இதைப் படமெடுத்து அனுப்புகிறார். அப்பாவைத் தோளில் போட்டுத் தூக்கிவந்தவரும் அவர்தான்.

ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். இருவருக்கும் ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். அப்பா ஒருமுறை கண் திறந்தார். என்னைப் பார்த்து, "யாரும்மா நீங்க?" என்றார். ஞாபகம் திரும்புமா என்பது போகப்போகத்தான் தெரியும் என்கிறார் டாக்டர்.

உன்மேல் கோபமா என்று வந்ததும் கேட்காதே. எனக்கே தெரியவில்லை. என்னையும் தூங்கச் சொல்கிறார்கள். பயமாயிருக்கிறதுடா. நான் கண்ணை மூடினால் அவர் மூச்சை யார் எண்ணுவது?

அக்கா