மேகம் செய்யும் புகைபோக்கி

என் கண்ணான ஜரீனா,

நம் எண்ணூர்ப் பள்ளிக்குப் புதிதாகப் படக்கதைப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. அறிவியல் பாடத்துக்கு எது ஆகும், எது ஆகாது என்று பார்த்துச் சொல்லும் வேலை இந்த முறையும் என்னிடம்தான் வந்தது. "ரெண்டு பேரும் சேர்ந்து பாருங்க டீச்சர்" என்று தலைமையாசிரியர் பழக்கத்தில் சொல்லிவிட்டு, சட்டென்று நிறுத்திக்கொண்டார். நான் புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வேறென்ன செய்வது?

நான் மூன்றாம் வகுப்பு, நீ பக்கத்தில் நான்காம் வகுப்பு. மதியம் உன் ராயபுரத்துக் குஸ்காவைப் பங்கு போட்டுக்கொண்டே எத்தனை சண்டை! எறும்பு பேசுகிறது என்பதற்காக ஒரு புத்தகத்தை நான் ஒதுக்கினேனே, நினைவிருக்கிறதா?

"எறும்பு பேசாதுன்னு பசங்களுக்கே தெரியும்க்கா. அதுக்கு நாலு கால் வரைஞ்சி வச்சிக்கீறாங்க பாரு, அத்ததான் நம்பிடுவாங்க" என்றாய். நான் எழுத்தை வரி வரியாகப் படித்திருந்தேன். படத்தை நீதான் பார்த்திருந்தாய்.

இந்த முறை ஒரு மழைக் கதை. கடல் நீர் ஆவியாகி மேலே போய் மேகமாகிறது என்று எழுத்து சரியாகவே சொல்கிறது. படமோ நீலமும் வெள்ளையுமாக அவ்வளவு அழகு. 'ஆகும்' என்று எழுதப் போனவள் பக்கத்தில் காலியாகக் கிடந்த உன் நாற்காலியைப் பார்த்தேன். நீ இருந்தால் எழுத்தைக் கையால் மூடிவிட்டு, படத்தை மட்டும் பிள்ளைகளிடம் காட்டுவாய். எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளைக்குப் படம்தானே புத்தகம்?

அப்படியே செய்தேன். எழுத்தைக் காகிதத்தால் மறைத்து, "இங்க என்ன நடக்குது?" என்று வகுப்பில் கேட்டேன்.

நெட்டுக்குப்பத்து தினேஷ் துள்ளி எழுந்தான். "மிஸ், எங்க வூட்டாண்ட கீது இது! கரண்டு கம்பெனி. அங்க மேகம் செய்றாங்க!"

பாதி வகுப்பு ஆமாம் போட்டது. அப்போதுதான் கவனித்தேன். அழகுக்காகக் கடலோரத்தில், நம் அனல்மின் நிலையத்தில் இருப்பது போலவே, ஒரு புகைபோக்கியை வரைந்திருக்கிறார்கள். மேகம் அதன் வாய்க்கு நேர் மேலே நிற்கிறது.

நான் வாயைத் திறக்குமுன் பவித்ரா எழுந்துவிட்டாள். "போடா! அது பொகை. மாடில துணி காயப் போட்டா கருப்பு கருப்பா வந்து ஒட்டிக்கும். மேகம்னா மழ பெய்யும். இது இன்னா பெய்யுது?"

வகுப்பே இரண்டாகப் பிரிந்து கத்தியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஜரீ, வந்து கேளேன் இத!" என்று பக்கத்து வகுப்பு வாசலுக்கே ஓடிவிட்டேன். உன் இடத்துக்கு வந்திருக்கும் கல்பனா டீச்சர் சாக்பீசோடு திரும்பிப் பார்த்தார். நான் என் வகுப்புக்கே திரும்பிவிட்டேன்.

'பிள்ளைகள் தனியாகப் படிக்க ஆகாது. டீச்சர் கூட இருந்து, புகை வேறு மேகம் வேறு என்று பேச வைத்தால் ஆகும்' என்று எழுதிக் கொடுத்தேன். சாயங்காலம் அதைப் படித்துவிட்டுக் கல்பனா என்னைத் தேடி வந்தார்.

"எனக்கு ஒத்துவரல டீச்சர். தப்பான படத்த எதுக்குப் பசங்க கையில தரணும்?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். பயமாக இருந்தது, ஜரீ. இன்னொருவரோடு வாதாட ஆரம்பித்துவிட்டால் நீ நிஜமாகவே போய்விட்டதாக ஆகிவிடாதா? ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதுகூட, "லீவு முட்ச்சி வந்து உன்னாண்ட பேசிக்கிறேன்க்கா" என்று சிரித்தாயே. என்ன பேச நினைத்தாய்? எந்தப் புத்தகத்தைப் பற்றி?

கல்பனா கேட்டது நல்ல கேள்வி. என்னிடம் அதற்குப் பாதி பதில்தான் இருக்கிறது. நாளை நானே அவரிடம் போகிறேன். உன்னோடு போட்டது போலவே விட்டுக்கொடுக்காமல் சண்டை போடுவேன், இது சத்தியம். நடுவில் நீ வேண்டும் என்று தோன்றும். தோன்றட்டும். அந்த ஏக்கத்துக்கு மட்டும் நான் மருந்து தேட மாட்டேன்.

கூடப் பிறக்காமலே உனக்கு அக்காவான,
அமலா