அமெரிக்கப் பிளேட்டுகளும் மிளகாய்க் கிடங்கும்

தேனி,
18-10-1949

அன்பு மகன் அய்யாத்துரைக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகமாயிருக்கிறோம். உன் தங்கை சொர்ணலதாவும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, ஆனால் வயிற்றுப் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நீ கப்பலில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா, குளிர் ஊர்களில் இறங்கும்போது கம்பளிச் சட்டை போடுகிறாயா என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் பயம். உன் கப்பல் சிநேகிதன் வைகுண்டராஜ் லீவு முடிந்து கொச்சிக்குத் திரும்புகிற வழியில் வந்திருக்கிறான், குமுளி லாரி கிளம்புவதற்குள் அவன் கையில் கொடுத்துவிட வேண்டும். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

கப்பல் சூட்டில் வளைந்துவிடும் என்று நீ அவனிடம் கொடுத்தனுப்பிய கிராமபோன் பிளேட்டுப் பெட்டியைப் பற்றித்தான் எழுதவேண்டும். அமெரிக்காவில் சாக்ஸபோன் ஊதுகிற ஒரு வித்துவானின் பிளேட்டையெல்லாம் நியூயார்க்கில் ஒவ்வொன்றாகத் தேடி வாங்கினேன், பத்திரம் என்று எழுதியிருந்தாய். பெட்டி வந்த அன்று ஒன்றை வைத்துக் கேட்டோம். அப்பா, யாரோ கோழியை விரட்டுகிற மாதிரி இருக்கிறது என்று சிரித்தார். எனக்கும் தலைவலிதான் வந்தது. துணி சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

இந்த மாத ஆரம்பத்தில் மாப்பிள்ளைக்கு ஆபத்து வந்தது. மலைத் தோட்டத்து ஜனங்களுக்கு மாப்பிள்ளை செல்வமணி கூலி மனு எழுதிக் கொடுத்தார் அல்லவா, செங்கொடிக் கட்சியைத் தடை செய்தபிறகு அந்த மனுவே குற்றமாகிவிட்டது. அவரோடு பேர் சேர்ந்த இரண்டு பேரை முதலில் பிடித்தார்கள். கோர்ட்டுக்கு அவர்களை நடத்திக் கொண்டுவரவில்லை, தூக்கிக்கொண்டு வந்தார்கள். மதுரையில் ஒரு வக்கீல், நேராக மாஜிஸ்திரேட் முன்னால் நானே நிறுத்துகிறேன், அதுவரை யார் கையிலும் அகப்படாமல் கொண்டுவந்து சேருங்கள் என்று சொல்லியனுப்பினார். நம் வண்டிக்காரர் ஒச்சாண்டி சாயங்காலம் மிளகாய் மூட்டை ஏற்றுகிற சாக்கில் அழைத்துப்போவதாக ஏற்பாடு. அதுவரைக்கும் மாப்பிள்ளை நம் வீட்டுப் பின்னால் மிளகாய்க் கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

வண்டி வருவதற்கு முன்னால் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். கூட அம்மாவாசி என்ற ஏட்டும் இன்னொரு போலீசும். அந்தப் போலீசை வீட்டு முன்பக்கத்துக் கடை வாசலில் நிறுத்திவிட்டு வீட்டைச் சோதனை போட்டார்கள். கட்டிலுக்கு அடியில் உன் பெட்டி அகப்பட்டது. பேர் எல்லாம் இங்கிலீஷில் இருப்பதைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டர் முகம் மாறிவிட்டது. “என்னய்யா, வெளிநாட்டுல இருந்து பேச்சப் பிடிச்சு அனுப்புறாகளா உம்ம மருமகனுக்கு?” என்று அப்பாவைக் கேட்டார். அப்பா வாயைத் திறப்பதற்குள் கிடங்கிலிருந்து ஒரு இருமல் கேட்டது, அய்யாத்துரை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நானும் குனிந்து குனிந்து இருமினேன். “மிளகா யாவாரம் பண்ற வீடுங்க ஐயா, நெடி இப்பிடித்தான் ஏறும். பேச்சா பாட்டான்னு நீங்களே போட்டுக் கேட்டுருங்க” என்று சொல்லி உன் கிராமபோனைத் தூக்கி வந்து நடுவீட்டில் வைத்தேன்.

முதல் பிளேட்டு உனக்குத் தெரியும், ஒருவர் மூச்சு விடாமல் ஓட, மற்றவர்கள் பின்னால் தடதடவென்று துரத்துவார்கள். அன்று அந்தச் சத்தம் எனக்குத் தேவதூதர் எக்காளம் போல இருந்தது. அது ஓடுகிற மட்டும் மாப்பிள்ளை இருமலாம். பிளேட்டு முடிந்து இன்னொன்றை வைத்துச் சாவி கொடுக்கிற இடைவெளியில்தான் என் உயிர் போய்ப் போய் வந்தது. நான்கு பிளேட்டு இப்படிப் போயிற்று. ஐந்தாவது அடங்கின பாட்டு. அவர் தாலாட்டுகிற மாதிரி மெதுவாக ஊதுகிறார், மற்றவர்கள் சத்தமே காட்டவில்லை. நடுவில் மறுபடியும் அந்த இருமல். இன்ஸ்பெக்டர் தலையைத் திருப்பினார். ஏட்டு அம்மாவாசி என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பலமாக இருமி, “நமக்கே ஏறிருச்சுங்கய்யா, இங்கன நிக்க முடியல” என்றார். அவருக்கு நிஜமாகவே நெடி ஏறியதா, தெரிந்துதான் செய்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

அதற்குள் பின் சந்தில் ஒச்சாண்டியின் மாட்டு மணி கேட்டது. கிடங்குக் கதவு திறந்தால் கீல் ஊரைக் கூட்டும், நீ அறிவாய். நான் துணிந்து ஒரு பொய் சொன்னேன். “ஐயா, அந்த மொதப் பிளேட்டுல யாரோ நடுவுல பேசுன மாதிரி என் காதுல விழுந்துச்சு” என்றேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். இன்ஸ்பெக்டர் அதையே திரும்ப வைக்கச் சொல்லி, குனிந்து தலையைக் கிராமபோன் குழாய்க்குள்ளேயே கொடுத்துவிட்டார். “ஊசி தேஞ்சிருச்சு, உள்ள போயி புது ஊசி எடுத்துட்டு வா ஆத்தா” என்று சொர்ணத்தை அனுப்பினேன். மாசமாக இருக்கிற பெண் ஓடவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் போனாள். அந்த மனுஷன் ஊதிய ஊதலில் கீல் சத்தம் நடுவீடு வரைக்கும் வரவில்லை. பாட்டு முடிந்ததும் இன்ஸ்பெக்டர் இன்னொரு தடவை என்றார், நான் சந்தோஷமாகச் சாவி கொடுத்தேன். சொர்ணம் ஊசி டப்பாவோடு வந்து சுவரில் சாய்ந்தாள், அவள் முகத்தைப் பார்த்ததும் மாப்பிள்ளை வண்டி ஏறிவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு கிடங்கையும் திறந்து பார்த்தார்கள், மூட்டைதான் இருந்தது.

மூன்றாம் நாள் காலை வக்கீல் மாப்பிள்ளையை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்திவிட்டார். இப்போது மதுரை ஜெயிலில் இருக்கிறார். அப்பா போய்ப் பார்த்தார், உடம்பில் ஒரு காயம் இல்லை, இருமலும் குறைந்திருக்கிறது. ஜாமீன் மனு அடுத்த வாரம் வருகிறது. சொர்ணம் ராத்திரியில் அழுகிறாள், பகலில் சாப்பிடுகிறாள். ஜெயிலென்றால் ஜெயில்தான், ஆனால் நடந்து போனார், நடந்து வருவார் என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு ஒரு வருத்தமான சேதி உண்டு. நான் சொன்ன பொய்யை நம்பி அந்த முதல் பிளேட்டை இன்ஸ்பெக்டர் சாட்சிக்கென்று எடுத்துப்போய்விட்டார். ஒரே பேர் போட்ட இன்னும் இரண்டு பிளேட்டில் பாட்டு வேறு வேறு மாதிரி வருகிறது, இதில் ஏதோ சங்கேதம் இருக்கிறது என்று அவற்றையும் கொண்டுபோனார். ஒன்று விடாமல் சேர்த்திருந்தாய், அம்மாவால் மூன்று குறைந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. மற்றவை பழையபடி துணியில் பத்திரமாக இருக்கின்றன.

இதை வாசித்ததும் கிழித்துக் கடலில் போட்டுவிடு, நீ எழுதும் பதிலில் மாப்பிள்ளை பேச்சே வரக்கூடாது. வேதப் புஸ்தகம் வாசிக்காமல் படுக்காதே. போகும்போதும் வரும்போதும் கர்த்தர் உன்னைக் காப்பாராக. கடைசியாக ஒரு காரியம். எனக்கு அந்தப் பாட்டு இன்னும் பிடிக்கவில்லை, பொய் சொல்லமாட்டேன். ஆனால் சாயங்கால ஜெபத்தில் அதை ஊதினவரையும் சேர்த்திருக்கிறேன். பிளேட்டில் உள்ள பேரை அப்பா ஒரு மாதிரி வாசிக்கிறார், சொர்ணம் வேறு மாதிரி வாசிக்கிறாள், எனக்கு இரண்டுமே வாயில் வரவில்லை. தேவசமுகத்தில் தப்பான பேரைச் சொல்லக் கூச்சமாயிருக்கிறது. அவர் பேரைத் தமிழில் தெளிவாக எழுதி அனுப்பு.

உன்னை ஆசீர்வதிக்கும் அம்மா,
ஞா. சாராள்