வராத வாசகிக்கு ஒரு கையெழுத்து

என் கண்ணுக்கு அம்மா எழுதிக்கிறது. கடவுள் புண்ணியத்துல நானும் அப்பாவும் இங்க நல்லா இருக்கோம், நீயும் அங்க வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்புக்கு ஒண்ணும் வராம இருக்கணும்னு தினம் கும்பிட்டுக்கிறேன். போன் இருக்கும்போது இவ ஏன் கடுதாசி எழுதுறாள்னு கேப்பே, காரணம் இருக்கு, படிச்சுக்கிட்டே வா. அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, வாய் மட்டும் எப்பவும் போல. கடைக் கூரையில ஒழுகின இடத்தை அடைச்சா வேற இடத்துல ஒழுகுது, சரியா வரலாற்றுப் புத்தக அலமாரி மேல. அதை யாரும் வாங்குறதில்லைன்னு மழைக்கும் தெரிஞ்சுபோச்சுங்கிறார்.

நம்ம கடைக்கு எழுத்தாளருங்களைக் கூப்பிட்டு, வாங்க வர்றவங்களுக்குக் கையெழுத்துப் போட்டுத் தர வைக்கிறோம்னு உனக்குச் சொல்லியிருந்தேன் இல்லையா. எழுத்தாளர் வந்து உக்காந்தாப் போதும்னு அப்பா நினைச்சார், நான்தான் விடலை. ஒரே ஒரு புத்தகம் வாங்க வந்தாலும் அவங்க வேலையைப் போட்டுட்டு நம்ம வாசப்படி ஏறி வந்திருக்காங்க, அவங்களை நம்ம சொந்தம் மாதிரி கவனிக்க வேண்டாமா. அதனால நானே வாசல்ல நின்னு வாங்க வாங்க, உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்னு ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு, உக்கார வச்சு, தண்ணி குடுப்பேன். பேரைக் கேட்டுத் துண்டுச் சீட்டுல எழுதி முதல் பக்கத்துல செருகி வைப்பேன், வாங்க வந்தவங்க பேரை எழுத்தாளர் தப்பா எழுதிட்டா அந்தப் புத்தகத்தை வச்சுக்கிட்டு அவங்க என்ன பண்றது. போகும்போது வாசல் வரைக்கும் போய் வழியனுப்புவேன். இப்ப தெருவே என்னை அத்தைன்னுதான் கூப்பிடுது, என்னைவிட மூத்த தபால்காரரும் அத்தைங்கிறார்.

முதல் கூட்டத்துக்கு ஒரு பெரியவர் வந்தார், வேலையில இருந்து ஓய்வு வாங்கினப்புறம் எழுத ஆரம்பிச்ச மனுஷன். அன்னிக்குப் பார்த்துக் கொட்டுற மழை, ஒரு ஈ காக்கா வரலை. புதுச் சட்டை போட்டுக்கிட்டு, பேனா மூடியைத் திறந்து வச்சுக்கிட்டு வாசலையே பார்த்துக்கிட்டிருந்தார் பாரு. சும்மா இருக்க மாட்டாம, ஐயா, உங்க புத்தகம்னா உசுரா இருக்கிற ஒரு அம்மா போன் பண்ணாங்க, இடது கால் சுளுக்கிக்கிச்சாம், வர முடியலையாம், ஒண்ணுல கையெழுத்து வாங்கி வைக்கச் சொன்னாங்கன்னு ஒரு பொய்யைச் சொல்லிட்டேன். அவர் முகம் மலர்ந்துபோச்சு. அவங்க எப்படி இருப்பாங்கன்னு கேட்டார். சாம்பல் கலர் சால்வை போட்டிருப்பாங்கன்னேன். பிள்ளைங்க இருக்காங்களான்னார். அவசரத்துக்கு என் கையில வேற என்ன இருக்கு, உன்னைத்தான் எடுத்துக் குடுத்தேன். ஒரே பொண்ணு, தூர தேசத்துல ஆஸ்பத்திரி வேலை, மூணாவது மாடி, ஜன்னலுக்கு வெளிய ரயில் பாதை, குளிர் வந்தா இருமுவாள்னு எல்லாத்தையும் சொன்னேன். பேர் என்னன்னப்போ மட்டும் வாய் வரலை, ஒரு அம்மான்னு போடுங்க போதும்னேன். ஓர் அம்மாவுக்கு, மகளைப் பார்க்கப் போகும் வழியில் படிக்க, அப்படின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டு அந்தப் புத்தகத்தைக் கல்லாவுக்குப் பின்னால வச்சுட்டேன்.

அடுத்தது சமையல் புத்தகம் எழுதின ஒரு அம்மா, நல்ல கூட்டம். நான் வாசல்ல நின்னு ஒவ்வொருத்தரா கூப்பிட்டுக்கிட்டிருந்தேன், பழக்க தோஷத்துல முகத்தைக்கூடப் பார்க்காம உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்னு சொன்னேன், தெரியுமே, எனக்கு ஒண்ணு எடுத்து வச்சிருக்கீங்களேன்னு ஒரு குரல். பார்த்தா சாம்பல் கலர் சால்வை. இடது காலை இழுத்து இழுத்து உள்ள வர்றாங்க. அப்பா என் காதுல, உன் பொய்க்குக் கால் முளைச்சிடுச்சுடி, அதுவும் நொண்டிக் கால்னு சிரிச்சார். பெரியவர்தான் விளையாட்டுக்கு யாரையோ அனுப்பியிருக்கார்னு நானும் நினைச்சுக்கிட்டேன். வந்தவங்களை விட முடியுமா, கடைசி நாற்காலியில உக்கார வச்சுத் தண்ணி குடுத்தேன், கல்லாவுக்குப் பின்னால இருந்த அந்தப் புத்தகத்தை எடுத்துக் குடுத்தேன். முதல் பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்தாங்க. எம் பொண்ணு இப்ப கட்டிலை ஜன்னல்கிட்ட இருந்து எடுத்துச் சுவர் ஓரமா போட்டுட்டா, ரயில் சத்தம் தாங்கலையாம், அப்படின்னாங்க. நான் அதைப் பெரியவர்கிட்ட சொல்லவே இல்லையே. எனக்கே தெரியாதே. அவங்க போனதும் பெரியவருக்குப் போன் போட்டேன், நான் யார்கிட்டயும் சொல்லலையேம்மா, அவங்க வந்துட்டாங்களா, கால் இப்ப எப்படி இருக்குன்னு சந்தோஷமா விசாரிக்கிறார். அதே வாரம் நீ போன்ல பேசினப்போ, ரயில் சத்தத்துக்குக் கட்டிலை நகர்த்திட்டேம்மான்னு சாதாரணமாச் சொன்னே, ஞாபகம் இருக்கா. நான் ம் கொட்டிட்டு வச்சுட்டேன்.

போன வாரம் மறுபடியும் வந்தாங்க, கூட்டம் எதுவும் இல்லாத நாள். கால் சரியாயிடுச்சு, பொண்ணைப் பார்க்கக் கிளம்பிட்டேன், சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்னாங்க. நேரா நடந்தாங்க கண்ணு, ஒரு நொண்டலும் இல்லை. உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களான்னு என்னைக் கேட்டாங்க. எனக்கு ஒரு பொண்ணுன்னு சொல்ல வாயைத் திறந்தேன், சத்தியமா வரலை, குடுத்த பொருளை எப்படித் திருப்பிக் கேக்கிறதுன்னு கூசுற மாதிரி நாக்கு மடங்கிப்போச்சு. அப்பவும் பாரு, வாசல் வரைக்கும் போய் நல்லபடியா போய்ட்டு வாங்கன்னு நானே வழியனுப்பினேன். அன்னியில இருந்து எனக்கு இடது கால் ஊன்ற முடியலை. சுளுக்காத்தான் இருக்கும், எண்ணெய் தடவுன்னு அப்பா சொல்றார். சால்வையை நாற்காலியில விட்டுட்டுப் போயிருக்காங்க, அதை நான் தொடலை. கண்ணை மூடிக் கும்பிட்டா உன் முகம் வர்றதுக்கு முன்னாடி அவங்க முகம் வருது.

நேத்து மனசு கேக்காம உனக்குப் போன் பண்ணேன். நீ எடுத்தே. யாருங்க, நான் அம்மாகூடப் பேசிக்கிட்டிருக்கேன், அப்புறம் கூப்பிடுங்கன்னு சொல்லி வச்சுட்டே. அதான் கண்ணு இந்தக் கடுதாசி. குரலை யாரு வேணா எடுத்துக்கலாம் போல இருக்கு, என் கோணல் எழுத்து உனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்துக்கு நீ கொண்டுபோன பையில உன் பேரை எழுதினது இந்தக் கைதான்.

இப்ப உன் வீட்டுல யாராவது அம்மான்னு உக்காந்திருந்தா, நீ ஊருக்குக் கிளம்பினப்போ கட்டிப்பிடிச்சு உன் காதுல நான் என்ன சொன்னேன்னு கேளு. அதை நான் பெரியவர்கிட்ட சொல்லலை, அப்பாகிட்டயும் சொல்லலை, இதுலயும் எழுத மாட்டேன். அவங்களுக்குச் சொல்லத் தெரியலைன்னா பயப்படாதே, திட்டாதே, கதவை மூஞ்சியில சாத்தாதே. அவங்க நம்ம கடைக்கு வந்த வாசகி, கூப்பிட்டது நான். ஒரு டம்ளர் தண்ணி குடு, வாசல் வரைக்கும் கூடப் போ, கடையில உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காங்கன்னு சொல்லி அனுப்பு. கடைசி நாற்காலியை எடுக்காம அப்படியே போட்டு வச்சிருக்கேன்.

நீ நூறு வயசு நல்லா இருக்கணும், எந்தக் கண்ணும் உன்மேல படக் கூடாது, சாமி உன் பக்கத்துலயே இருக்கட்டும். கழுத்தை மூடிக்கிட்டு வெளிய போ. பதில் எழுது, போன் வேண்டாம், உன் கையால எழுது.

உன்னைப் பெத்த,
அம்மா