ரோஹிணியின் முறை

டுசல்டோர்ஃப்
ஏப்ரல், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ரோஹிணிக்கு,

நீ அங்கே சுகமாகவும் நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டும் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் படி ஏறும்போது முறைப்பாடு சொல்கிறது, டொக்டரைப் பார்க்க டெர்மின் கேட்டால் ஓகஸ்டில்தான் நாள் தருகிறார்கள், அதுவரை தைலத்தோடு காலம் போகிறது. போனில் கதைக்கிற அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். அம்புறோஸ் மாமாவின் அக்கா மகன் கவிஷன் வேலை விசயமாக மெல்பேர்ணுக்கு வருகிறான், அவன் கையில் உனக்கு ஒரு நாவல் அனுப்புகிறேன், அது ஏன் உன்னிடம் வருகிறது என்று போனில் சொல்லப் போனால் பாதியில் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிடுவேன்.

நீ போன பிறகும் எங்கள் வாசிப்பு வட்டத்தின் வழக்கம் எதுவும் மாறவில்லை. வருடாவருடம் தமிழ்ப் புத்தகங்களுக்குக் கொடுக்கிற பரிசின் இறுதிப் பட்டியல் வந்ததும் அம்புறோஸ் மாமா வழக்கம்போல சென்னையிலிருந்து வருகிற யாரோ ஒருவருடைய பெட்டியில் எல்லாவற்றிலும் ஒவ்வொரு பிரதி எடுப்பித்துவிட்டார். அது முறை வைத்து வீடு வீடாகப் போகிறது, கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், தபாலில் போடக் கூடாது. அந்தச் சட்டம் ஏன் வந்தது என்று உனக்கு நினைவிருக்கும், ஹாம் நகரத்துக்கு அனுப்ப வேண்டிய கவிதைத் தொகுப்பை மாமா பழைய விலாசத்துக்கு அனுப்பி, அது போன இடம் இன்றைக்கும் தெரியாது. ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர் முடிந்த மறுநாள் மாமா வீட்டில் கூடிக் கையை உயர்த்தி எங்கள் தெரிவைச் சொல்வோம். வராதவர்களுக்கு வாக்கு இல்லை என்பதும் அப்படியேதான் இருக்கிறது. எங்கள் தெரிவுக்கும் நடுவர்களின் தீர்ப்புக்கும் ஒரு வருடமாவது ஒத்துப்போனதில்லை, அதில் மாமாவுக்குப் பெரிய பெருமை.

இந்த முறை கவிதை, கட்டுரை, நாவல் மூன்றும் ஒரே பட்டியலில் வந்திருக்கின்றன. கவிதைகள் விடிய முன்னர் அலுவலகங்களைத் துப்புரவு செய்யப் போகிற ஒருத்தியுடையவை, மற்றவர்களின் மேசையில் இருக்கிற குடும்பப் படங்களைத் துடைத்துத் துடைத்து அந்தப் பிள்ளைகள் வளர்வதை அவள் பார்க்கிறாள், நான் இரண்டு கவிதைக்கு மேல் ஒரே நாளில் வாசிக்கவில்லை, வாசிக்க மனம் வரவில்லை. கட்டுரைப் புத்தகத்தில் நம்முடைய வீட்டு ஆழ்குளிர்ப் பெட்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தால் கணவாய்க் கறி இருக்கும் என்பதிலிருந்து தொடங்கி, பஞ்சத்தைக் கண்டவர்கள் ஏன் எதையும் வீசுவதில்லை என்று கொண்டுபோய் முடிக்கிறார். அம்மா அதை வாசித்துவிட்டு, இந்த மனிசன் எங்கட வீட்டுக்கு வந்து பாத்திட்டுத்தான் எழுதியிருக்குது என்று இரண்டு நாள் என்னோடு முறைத்தார்.

நாவல்தான் பிரச்சினை. பனி விழுகிற ஒரு நகரத்தில் ட்ராம் ஓட்டுகிற பெண்ணின் கதை. புத்தகம் முடியும்வரை அவள் தகப்பனுக்குப் போன் எடுப்பதே இல்லை, ஏன் என்று எழுதியவரும் சொல்வதில்லை. எனக்குச் சரியான கோபம். மொழி வடிவாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுதியவருக்கு நெஞ்சில் ஈரம் இல்லை என்று மாமாவிடம் சொன்னேன். எனக்குப் பிறகு உன் முறை. ஆம், வரிசையில் உன் பெயரை நான் இன்னும் எடுக்கவில்லை. உன் முறை வரும்போது புத்தகம் இங்கே உன் அறை மேசையில் கொஞ்ச நாள் இருக்கும், பிறகு அம்மா எடுப்பார், வட்டத்தில் எல்லோருக்கும் இது தெரியும், ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை.

இந்த வருடம் தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்திருக்கிற மதுமதி புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். அவளுக்கு இந்த நாவலில் ஒரே ஆசை, நாள் போகிறது, புத்தகமோ உன் மேசையில். மாமா போனில் மெதுவாக, அண்ணை, பிள்ளை அங்க, புத்தகம் இஞ்ச, அது சும்மா கிடந்து என்ன செய்யுது, அந்தப் பிள்ளைக்குக் குடுங்கோவன் என்றார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் எனக்கு உன்னையே வரிசையிலிருந்து எடுக்கச் சொன்னது போல இருந்தது, போனை வைத்துவிட்டேன். அம்மாதான், அப்ப ரோஹிணிக்குப் பதிலா நீங்களே இன்னொருக்கா வாசியுங்கோ என்றார்.

உன் கதிரையில் இருந்துகொண்டு, நீ எங்கே சிரிப்பாய், எங்கே என்னைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டுவாய் என்று பார்த்துப் பார்த்து வாசித்தேன். அப்போதுதான் கண்டேன். ட்ராமைக் கடைசித் தரிப்பில் நிறுத்துகிற போதெல்லாம் அவள் போனைக் கையில் எடுக்கிறாள், தகப்பனின் பெயர் வரை போகிறாள். அவர் முதலாவதாக என்ன கேட்பார் என்று அவளுக்குத் தெரியும், அதற்குச் சொல்ல அவளிடம் ஒரு திகதி இல்லை. போனைப் பைக்குள் வைத்துவிட்டுக் கதவைத் திறக்கிறாள். இது அரை வரியும் கால் வரியுமாகப் புத்தகம் முழுக்கக் கிடக்கிறது, தகப்பனுக்காகப் பரிந்துகொண்டு வாசித்த எனக்குத்தான் கண்ணில் படவில்லை. எவ்வளவு நல்ல எழுத்து பிள்ளை, ஓரிடத்திலும் குரலை உயர்த்தவில்லை. நீ போன் எடுத்தால் நான் முதலாவதாக என்ன கேட்பேன் என்று உனக்குத் தெரியும். எப்ப பிள்ளை வாறாய். இப்போதெல்லாம் நீ குறைவாகத்தான் எடுக்கிறாய். இனி அதை நான் கேட்கமாட்டேன், இந்தக் கடிதத்திலும் கேட்கவில்லை. உன்னைக் காண வேண்டும் போல இருக்கிறது, அது கேள்வி இல்லை, சும்மா சொல்கிறேன்.

மதுமதிக்கு இரவலாகக் கொடுத்தேன், சொன்னபடி இரண்டு நாளில் கொண்டுவந்து தந்தாள். கண் சிவந்திருந்தது. அம்மாவிடம் நீட்டினால் அவர் தொடவில்லை, என்ர முறை ரோஹிணிக்குப் பிறகுதான் என்று சொல்லிவிட்டுச் சமையலுக்குப் போய்விட்டார். மதுமதிதான், அங்கிள், கவிஷன் மெல்போர்ன் போறார்ல, அவர்கிட்ட குடுத்து விடுங்க, கைக்குக் கைதானே என்றாள். மாமாவும், ஓம், அது சட்டத்துக்குள்ளதான் வருது என்று ஒத்துக்கொண்டார்.

ஆறுதலாக வாசி. கறிக் கையோடு தொடாதே, பக்கத்தை மடிக்காதே, பென்சிலால் கோடு போடலாம், என்னுடைய கோடுகளைப் பார்த்துச் சிரிக்கவும் செய். அங்கே குளிர் தொடங்கப் போகிறது, காதை மூடிக்கொண்டு போ. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மா விளக்கேற்றும்போதெல்லாம் உன் பெயரைச் சொல்கிறார், நானும் பக்கத்தில் நிற்கிறேன்.

வட்டத்தின் சட்டத்தை மட்டும் மறந்துவிடாதே. உனக்குப் பிறகு அம்மாவின் முறை. தபாலில் போடக் கூடாது.

உன்னை என்றும் நினைத்திருக்கும்
அப்பா முருகேசன்