நெட்டை கேட்ட கூடை

மார்ச் 4

காலையில் பிரம்பை ஊறப்போட்டுவிட்டு, துணிக்கூடைகளுக்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கூடையிலும் அதைப் பின்னியவரின் பெயர் இருக்க வேண்டும் என்பது, எங்களிடம் வாங்கி விற்கும் வெளிநாட்டுக்காரி நெட்டை போட்ட சட்டம்; அவள் உயரத்துக்கு நாங்கள் வைத்த பெயர் அது. கடல் தாண்டி இருக்கும் அவள் கடைக்கு வருகிறவர்கள் முதலில் அந்தச் சீட்டைத்தான் படிப்பார்களாம். பத்தொன்பது வருஷத்தில் ஒருநாளும் எங்களிடம் அவள் பேரம் பேசியதில்லை.

மத்தியானம் அவளே போன் செய்தாள். இத்தனை வருஷத்தில் எங்கள் தமிழ் அவளுக்கு நன்றாகவே பழகிவிட்டது.

"அக்கா, பெரிய கூடை வேணும். உள்ள ஆறேகால் அடி."

"அவ்ளோ நீளத்துல என்னத்தை வைக்கப் போற?"

"என்னை."

சிரித்தாள். நானும் சிரித்துத் தொலைத்தேன். பிரம்பில் பின்னிய பெட்டியில் இறந்தவர்களை வைத்துப் புதைக்கிறவர்கள் அவள் நாட்டில் உண்டாம். அவளுக்கு வயிற்றில் கட்டி. டாக்டர் கொடுத்த கெடு நாலு மாதம். எல்லாவற்றையும் கூடைக்கு அளவு சொல்கிற குரலிலேயே சொன்னாள்.

மார்ச் 5

கை ஓடவில்லை.

மார்ச் 7

வீட்டில் சொன்னேன். இவர் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு வெளியே போய்விட்டார். நாத்தனார் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "உசுரோட இருக்கறவங்களுக்கு அதைப் பின்னுவேனா அண்ணி? என் கையாலயா? வேற யாரையாவது பாருங்க."

யாரைப் பார்ப்பது? அந்த நீளத்துக்கு அடிப்பாகம் பின்ன எங்கள் கொட்டகையில் அவளை விட்டால் ஆளில்லை. அவள் மேல் கோபமும் வரவில்லை.

நெட்டை முதன்முதலாக வந்தது ஊர் சுற்றிப் பார்க்க. நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு உள்ளே வந்தவள், நாத்தனார் பின்னுவதைப் பார்த்து எதிரே உட்கார்ந்தாள். சாயங்காலம்வரை எழவில்லை. அவள் பேசுவது எங்களுக்குப் புரியாது, நாங்கள் பேசுவது அவளுக்குப் புரியாது. கிளம்பும்போது நாத்தனாரின் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "டாக்டர்கூட என் கையை இப்படிப் பார்த்ததில்ல" என்று நாத்தனார் இன்றைக்கும் சொல்வாள். அந்த ஒரு நாளால்தான் இன்று பதினாலு குடும்பங்கள் பிழைக்கின்றன.

மார்ச் 12

"அங்கயே ரெடிமேடா கிடைக்காதா?" என்று நெட்டையிடம் போனில் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"கிடைக்கும். ஆனா யார் கைன்னு தெரியாதே அக்கா."

நாத்தனார் மாட்டேன் என்கிறாள் என்றேன். "சரி. நான் வரேன்."

இந்த உடம்போடு விமானமா? வராதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை — வரட்டும் என்றுதானே மனசு அடித்துக்கொண்டது?

மார்ச் 27

வந்துவிட்டாள். ஆள் பாதியாகிவிட்டாள், உயரம் மட்டும் அப்படியே. அவள் மகள் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். நாத்தனார் முகத்தைக் காட்டாமல் கொட்டகைக்குப் பின்னால் போய் மூங்கில் பிளக்க உட்கார்ந்தாள்.

நெட்டை ஒன்றும் கேட்கவில்லை. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பிளந்த மூங்கில் சிம்பு நாலை எடுத்துத் தானே பின்ன ஆரம்பித்தாள். அவளுக்கு விற்கத்தான் வரும். பத்து நிமிஷம் நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, அவுருங்க அதை! யாராவது இப்படி மடக்குவாங்களா?"

பிடுங்கிக்கொண்டாள். அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் தனியா பின்ன மாட்டேன். தினமும் நீங்களும் கூட உக்காரணும்" என்றாள்.

"உக்கார்றேன்" என்றாள் நெட்டை.

ஏப்ரல் 4

அடி முடிந்து பக்கங்களும் ஒரு முழம் ஏறிவிட்டன. ஆள் கனம் தாங்குமா? யாராவது உள்ளே படுத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இவர்தான் சட்டையைக் கழற்றி என்னிடம் நீட்டிவிட்டு ஏறிப் படுத்தார். எண்பத்திரண்டு கிலோ. ஆறு பேர் இடுப்பளவு தூக்கியதும் சடசடவென்று சத்தம். அடியில் இரண்டு பிரம்புகள் முறிந்துபோயிருந்தன.

ஒரு வார வேலை. நாத்தனார் முழுவதையும் பிரித்தாள். "இவங்களை நான் கீழ விடுவேனா?" என்றாள், யாரையும் பார்க்காமல்.

ஏப்ரல் 5

இவர் முதுகெல்லாம் பிரம்புத் தடம். "எனக்கும் ஒரு சீட்டு கட்டி அனுப்பிடு" என்கிறார்.

ஏப்ரல் 16

இன்று பார்த்ததை எப்படி எழுதுவது?

மூடியும் முடிந்தது. இரட்டைப் பிரம்பு கொடுத்த அடி, இவர் மறுபடி படுத்தபோது முனகக்கூட இல்லை. நெட்டை செருப்பைக் கழற்றினாள், எங்கள் தோள்களைப் பிடித்து இறங்கினாள், படுத்தாள். மூடச் சொன்னாள். நாத்தனார் என்னைப் பார்த்தாள். மூடினோம்.

குனிந்து பின்னல் சந்து வழியாகப் பார்த்தேன். ஜன்னல் வெயில் பொடிப்பொடியாக அவள் மேல் விழுந்திருந்தது — நெற்றியில், கன்னத்தில், மூடிய கண்களில். முப்பது வருஷமாகக் கூடை பின்னுகிறேன். உள்ளே இத்தனை வெளிச்சம் போகும் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

உள்ளிருந்து குரல் வந்தது. "அக்கா, காத்து வருது. வெளிச்சம் வருது. இங்க பயம் இல்ல."

மூடியை எடுத்ததும் எழப் பார்த்தாள், முடியவில்லை. "மாட்டிக்கிட்டேன்" என்றாள். கொட்டகையே வெடித்துச் சிரித்தது. சிரித்துக்கொண்டே தூக்கினோம். கனமே இல்லை அவளுக்கு.

ஏப்ரல் 18

அவள் விமானத்தில், கூடை கப்பலில். நாற்பது நாளாகுமாம். "கூடைக்கு நான் முந்த மாட்டேன்" என்று நாத்தனாரின் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுப் போனாள்.

மே 17

கப்பல் எங்கே என்று தினமும் கேட்கிறாளாம். சாப்பாடு இறங்கவில்லையாம்.

மே 30

போய்ச் சேர்ந்துவிட்டது! அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். இப்போதைக்கு உள்ளே பூனை தூங்குகிறது. படம் அனுப்பினாள். நாத்தனார் பூனையைத் திட்டினாள்.

ஜூன் 9

போய்விட்டாள்.

ஜூன் 13

மகள் வீடியோ அனுப்பினாள். புல்வெளியில் ஆறு பேர் தூக்கி நடக்கிறார்கள், நிதானமாக. வழியில் நிற்கிறவர்கள் கை நீட்டிக் கூடையைத் தொடுகிறார்கள். எங்கள் கைபட்டதை, எங்களைப் பார்த்தே இராதவர்கள். நாத்தனார் மூன்று தரம் பார்த்தாள். "அடி தொய்யவே இல்ல அண்ணி." அதற்குப் பிறகுதான் உடைந்து அழுதாள்.

ஜூலை 21

கடையை இப்போது மகள் பார்க்கிறாள். அவள் பேசினால் போன் அதைத் தமிழாக்கி ஆண் குரலில் சொல்கிறது. இன்று கூப்பிட்டாள். அடக்கத்துக்கு வந்திருந்த கடிகார மெக்கானிக் ஒருவர் தனக்கும் அப்படியொன்று வேண்டும் என்கிறாராம். வயது எழுபத்தெட்டு. இங்கே வந்து நாத்தனாரோடு உட்காரப் பயணம் செய்ய முடியாது. பிரம்பு அனுப்பினால் ஒரு பக்கத்தையாவது தானே பின்னுவாராம்.

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நாத்தனார் பக்கத்தில்தான் பிரம்பு சீவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"குண்டா ஒல்லியான்னு கேளுங்க அண்ணி. அதுக்கேத்த மாதிரிதானே அடி போடணும்."