காற்றைக் கேட்டுப் போன இளவரசி

12 மார்ச் 1987, வியாழன்

காலையிலேயே வெயில். பாளையம்பட்டிக்கு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம். வெளியே கரிசல் காட்டில் கானல். அதன் மேல் என் கதை இளவரசி நடந்துபோனாள். கண்டக்டர் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் டிக்கெட் எடுத்தேன்.

கொடவுனில் மிளகாய் வத்தல் காம்பு கிள்ளிக்கொண்டே கூட வேலை செய்கிறவர்களுக்குக் கதை சொன்னேன். மந்திரி காற்றைக் குகையில் அடைத்துவிட்டான், நாடே மூச்சு முட்டுகிறது. நீதி கேட்டுப் பேரரசனிடம் புறப்படுகிறாள் வெயிலழகி. துணைக்குக் கிணறு வெட்டுகிற ஒருத்தி, பேசும் வெள்ளாடு. (நாவலாக எழுத வேண்டும். எப்போது?)

மாரியக்கா இருமிக்கொண்டே கேட்டாள். "ஏ சாந்தி, நம்ம காத்தையும்ல அடைச்சு வச்சிருக்காக!" எழுந்து போய் ஷட்டரைத் தூக்கிவிட்டாள். என்ன காற்று!

கணக்கப்பிள்ளை ஓடிவந்தார். "காத்துப் பட்டா வத்தல் காஞ்சு எடை கொறையும். நாளையிலருந்து நீ வராத."

ஷட்டர் இறங்கியது. மாரியக்கா அழவில்லை. வத்தல் கையோடு கண்ணைத் துடைக்க முடியாது. இங்கே யாரும் அழுவதில்லை.

13, வெள்ளி

மாரியக்கா இடம் காலி. புருஷன் இல்லாதவள், இரண்டு பிள்ளைகள். வேறு வேலைக்கு எங்கே போவாள்? என் கதையால் வந்த வினை. 

நூர்ஜகான் அக்கா கேட்டாள்: "இளவரசி இப்ப எங்க நிக்கிறா?"

"அரண்மனை வாசல்ல."

"தனியாவா?"

"கூட ரெண்டு பேரு."

"நம்ம எட்டுப் பேரு இருக்கம்ல?"

15, ஞாயிறு

லீவு. எண்ணெய்க் குளியல். மஞ்சள் சேலைக்குக் கஞ்சி போட்டது. மத்தியானத் தூக்கத்தில் கானல் மேல் எட்டுப் பெண்கள். முன்னால் போனவள் முகம் தெரியவில்லை.

16, திங்கள்

எட்டுப் பேரும் முன்பக்கக் கடைக்குப் போனோம். முதலாளி ஃபேனுக்கு அடியில். இளவரசி பேச எத்தனை வசனம் வைத்திருந்தேன்! வாயில் வந்தது இதுதான்: "உள்ள ஒருக்கா வந்து பாருங்க மொதலாளி." அவ்வளவுதான்.

வந்தார். வியாபாரி கை சும்மா இருக்குமா? குவியலைப் பார்த்ததும் ஒரு வத்தலை எடுத்து ஒடித்து, விதையை உதிர்த்துப் பார்த்தார். நெடி ஏறியது. இருமல். கண்ணில் நீர். "கைய வைக்காதீக!" என்று நாங்கள் கத்துவதற்குள் அதே கையால் துடைத்துவிட்டார்.

"ஆத்தாடி! ஷட்டரத் தூக்குய்யா!"

கணக்கப்பிள்ளையே தூக்கினார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. முதலாளி கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "தொறந்தே கெடக்கட்டும். அன்னைக்கு ஷட்டரத் தூக்குன பிள்ளையவும் வரச் சொல்லுங்க."

17, செவ்வாய்

மாரியக்கா வந்தாச்சு. வாசல் நிறையக் காற்று. வத்தல் தூசி வெயிலில் பொன்னாகப் பறந்தது.

"நான் இல்லாதப்ப இளவரசி என்ன செஞ்சா?"

"பேரரசன குகைக்குள்ள வரச் சொன்னா."

"வந்தானா?"

எட்டுப் பேரும் சிரித்தோம்.